ஜெரால்ட் சுவரில் சாய்ந்த விறகு

செப்டம்பர் 14, ஞாயிறு

பின்பக்கத்தை அளந்தேன். அகலம் ஆறடி, நீளம் பதினெட்டு. அதற்குள் பாத்ரூம், துவைக்கிற கல், செப்டிக் டேங்க் மூடி, ஒரு முருங்கை மரம், அப்புறம் என் பெண்டாட்டி சுமலதா. அவள் குனிந்தால் நான் தாண்டிப் போக வழியில்லை என்று சொன்னேன். துடைப்பம் பறந்து வந்தது.

மகள் இளமதிக்கு ஏழாம் மாசம். அடுத்த மாசக் கடைசியில் சீமந்தம் முடிந்து திருவாலங்காட்டிலிருந்து இங்கே வந்துவிடுவாள். தலைப்பிரசவம். வந்த நாள் முதல் தினம் வெந்நீர் வேண்டும், அதுவும் விறகில் காய்ச்சியது. "கேஸ்ல காச்சனா தோலுக்குத்தான் சூடு, எலும்புக்குப் போவாது" என்கிறாள் சுமலதா. எந்த எலும்பு உன்னிடம் சொன்னது என்று கேட்டேன். மறுபடி துடைப்பம்.

மழைக்காலம் பூராவும் எரிக்கக் காய்ந்த விறகு. அது என் பொறுப்பு. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு என் பெண் ஈர விறகுப் புகையில் இருமக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கம்பெனியில் சரக்கு அடுக்கி உடைந்த பேலட் பலகைகளுக்கு சூப்பர்வைசர் கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார். மீன்பாடி வண்டியில் மூன்று நடை. சோழவரம் பக்கத்துத் தோப்பிலிருந்து சவுக்கு ஒரு வண்டி. பகல் பூரா பலகையில் ஆணி பிடுங்கி, ராத்திரி சாப்பிடும்போதும் கையில் ஆணி பிடுங்குகிற மாதிரியே இருந்தது.

பக்கத்து வீட்டு ஜெரால்ட் வாசலில் நின்று பார்த்தான். ஒரு வார்த்தை இல்லை. ஐந்து மாசமாகவே இல்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் புதுச்சுவர் கட்டி முடித்து, தெருவுக்கே டீ கொடுத்தான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "இன்னா ஜெரால்டு, ஞாயித்துக்கெழம சாயங்காலம் நீ வர்ற மாதிரியே உன் சுவரும் தள்ளாடிக்கினு கீது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தவக்காலத்தில் குடியை விட்டவனாம், அன்றைக்கு முப்பத்தெட்டாம் நாளாம். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் சொல்லாமல் இருந்திருப்பேனா? அதை எழுத வேண்டாம்.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. காலையிலிருந்து அடுக்கினேன். நடுவில் தனியாக, என் மார்பு உயரம். கோயில் கோபுரம் மாதிரி நின்றது. சுமலதாவைக் கூப்பிட்டு, கோபுரம் பார் என்று காட்டினேன். பார்த்துவிட்டு பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், பின்னாலேயே மொத்தமும் சரிந்தது. கால் கட்டைவிரலில் ஒரு சவுக்கு.

"கும்பாபிசேகம் ஆயிடுச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்கிறாள். என்னிடம் கற்றுக்கொண்ட வாய்.

அக்டோபர் 5, ஞாயிறு

இந்தத் தடவை ஜெரால்ட் சுவரில் சாய்த்து அடுக்கிவிட்டேன். தோள் உயரம் வந்தும் அசையவில்லை. சுவர் சும்மாதானே நிற்கிறது, கொஞ்சம் வேலை செய்யட்டும்.

மேலே மூட, இளமதி கல்யாண பேனர். மாப்பிள்ளை சந்திரமோகன் கைகூப்பிக்கொண்டு விறகு மேல் மல்லாந்து கிடக்கிறார்.

அக்டோபர் 26, ஞாயிறு

சீமந்தம் நல்லபடி முடிந்தது. இளமதி வந்துவிட்டாள். நேராகப் பின்பக்கம் போனாள்.

"நைனா, எங்கள வெறகு மேல போட்டு வச்சிக்கிறியே!"

"மழ தண்ணி படாம மாப்பிள்ளதாம்மா பாத்துக்கறாரு" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்க வைக்காதே என்று சுமலதா என்னைத் திட்டினாள்.

அக்டோபர் 29, புதன்

மழை. சுவரின் மேல்வரிசையில் ஒரு கோடு தெரிகிறது. நகம் போகிறது. முன்பே இருந்ததோ?

நவம்பர் 2, ஞாயிறு

முன்பு இல்லை. இப்போது பென்சில் போகிறது. சுவர் அந்தப் பக்கமாகச் சாய்கிறது. நாலரை இஞ்ச் சுவர் அது, மறைப்புக்குக் கட்டியது. அதன் மேல் ஒரு வண்டி சவுக்கைச் சாய்த்தவன் யாரு? நாந்தான்.

அந்தப் பக்கம் சுவரடியில் உட்கார்ந்துதான் ஜெரால்ட் பெண்டாட்டி ஆரோக்கியமேரி தினமும் பாத்திரம் தேய்க்கிறாள். சத்தம் கேட்கிறது.

பாதி விறகை உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சுமலதா பார்த்துவிட்டாள். "புள்ளத்தாச்சி படுக்குற கட்டலுக்கு அடியில வெறகா? சுடுகாடா இது? எட்றா மனுசா!" என்று அழுதேவிட்டாள். கட்டிலும் விறகும் சேர்ந்தால் என்ன நினைவு வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. முட்டாப்பய. மழையோடு மழையாக எல்லாவற்றையும் திரும்ப அதே சுவரில்.

வேறு எங்கே வைப்பேன்? ஆறடி!

நவம்பர் 3, திங்கள்

ஜெரால்டிடம் சொல்லிவிடுவது என்று காலையில் அவன் வாசலுக்குப் போனேன். வண்டியில் உட்கார்ந்திருந்தான். "ஜெரால்டு" என்றேன். உதைத்தான், ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. என் வண்டியாக இருந்தால் பத்து உதை உதைப்பதற்குள் பேசி முடித்திருக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஐந்து நாளாகப் பாத்திரச் சத்தம் இல்லை. மேரிக்கு உடம்பு சரியில்லையா? கோடு அதே அளவில்தான் இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

மழை.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. நாலு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நிற்கிறது. எப்படி நிற்குது?

நவம்பர் 20, வியாழன்

நின்றுவிட்டது மழை. சுவரும் நின்றுவிட்டது. பென்சில் வைத்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட அதிகமாகவில்லை. நான் கட்டாத சுவரைத் தொட்டுக் கும்பிட்டேன். இளமதி பார்த்துவிட்டாள். "இன்னா நைனா, புது சாமியா?"

நவம்பர் 24, திங்கள்

பொன்னேரி ஆஸ்பத்திரி. காலை பத்தே காலுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். இரண்டு பேரும் நல்லா இருக்காங்க. நல்லா இருக்காங்க.

நவம்பர் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அடுப்பை நான்தான் மூட்டினேன். பேலட் சிராய் ஒரே குச்சியில் பிடித்தது, சவுக்கு நின்று எரிந்தது. புகை இல்லை. சுமலதா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அழுத சத்தம் தெரு முனைவரை போயிருக்கும். எனக்குத் தெரிந்து இவ்வளவு நல்ல சத்தம் எதுவும் இல்லை.

சாயங்காலம் லட்டு டப்பாவோடு ஜெரால்ட் வீட்டுக்குப் போனேன். அவன் சாரம் கட்டுகிற வேலைக்குப் போயிருந்தான். மேரிதான் இருந்தாள். "வாங்கண்ணா. கொரலு கேட்டுச்சு. பொண்ணுதான?" என்று சிரித்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சுவர் விஷயத்தை ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "பின்னாடி வந்து பாருங்கண்ணா."

போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டி ஒரு நீளப் பலகை. அதில் முட்டுக்கொடுத்துச் சாய்வாக மூன்று சவுக்குக் கம்பங்கள். அடியில் கருங்கல் வைத்து அடித்து இறுக்கியிருக்கிறது.

"எப்பம்மா?"

"கல்லறைத் திருநாளுக்கு மறுநாளு, மூணாந்தேதி. வேலயிலேர்ந்து வந்து பாத்தாரு, சுவரு பிதுங்கிக்கினு இருந்துச்சு. அன்னிக்கே போய் கம்பு எடுத்தாந்து முட்டுக் குட்த்துட்டாரு, மழயிலயே. என்னியும் முன்னாடி கொழாயில பாத்திரம் தேச்சிக்கோன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெறக எடுத்திருப்பனே?"

"எடுத்து எங்க வைப்பீங்க? மழயில நனையும், உள்ள புள்ளத்தாச்சி இருக்குதுன்னாரு." கம்பத்தடிக் கல்லைக் காலால் அழுத்திப் பார்த்தாள். "அப்புறம், சொன்னா நாலு பேரு முன்னாடி அதுக்கும் எதனா சொல்லிச் சிரிப்பீங்கன்னாருண்ணா."

டப்பாவை மேரி கையில் கொடுத்துவிட்டு, மூன்று கம்பத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஜெரால்ட் சர்ச் பூசையிலிருந்து வரும்வரை அவன் வாசலிலேயே நின்றேன். வந்தான்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு ஜெரால்டு. உன்னியும் சொல்லியிருக்கக் கூடாது, சுவரையும் சொல்லியிருக்கக் கூடாது."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தான். எங்கே சிரித்துவிடுவேனோ என்று பார்த்தான் போல. நான் சிரிக்கவில்லை.

"மொதல்ல உனுக்கு வெறகு அடுக்கத் தெரியல" என்றான். "வா."

இரண்டு பேருமாக எல்லாவற்றையும் பிரித்தோம். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, கீழே செங்கல் வைத்து, இரண்டு முனையிலும் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என்று தூண் மாதிரி ஏற்றினான். நடுவில் போட்டதெல்லாம் அந்தத் தூண்களுக்கு உள்ளே அடங்கிக்கொண்டது. இடுப்பு உயரத்துக்கு மேல் போகாதே என்றான். மிச்சத்தை அவன் பக்கத்துக் கொட்டகைக்குக் கைமாற்றினோம். சுவரின் மேல் நாலு வரிசையைப் பிரித்துத் திரும்பக் கட்டினான், நான் கலவை எடுத்துக் கொடுத்தேன். கம்பங்கள் பொங்கல்வரை இருக்கட்டும் என்றான்.

பேனரை விரிக்கும்போது மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து அவனே சிரித்துவிட்டான்.

டிசம்பர் 7, ஞாயிறு

இந்த வாரம் பூரா ராத்திரியில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பது நான்தான். சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன், தூக்கக் கலக்கம், சேற்றில் கால் வழுக்கியது. பெஞ்சில் ஜெரால்ட் உட்கார்ந்திருந்தான், கூட ஏழெட்டு பேர்.

"இன்னா பரசுராமா, ஞாயித்துக்கெழம சாயங்காலம், தள்ளாடிக்கினு வர்ற?" என்றான் என்னைப் பார்த்து.

கடையே சிரித்தது. அவன் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான்.

வீட்டுக்கு வந்தபிறகும் நானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். "இன்னா?" என்றாள் சுமலதா. சொல்லவில்லை.

விறகு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. குழந்தை தூங்குகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மேரி பாத்திரம் தேய்க்கிறாள்.