ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் நீ பொருத்திய கடிகாரம்

இன்று காலை பைக் கிளம்பவில்லை. ஹாரனை அமுக்கினால் ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி முனகியது. ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் நீ செய்து பொருத்திய கடிகாரத்தின் சிவப்பு எண்கள் மங்கிக்கொண்டிருந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ போனதிலிருந்து வேலை வெட்டி எதுவும் இல்லாமலே தினமும் வண்டலூர் வரை போய்த் திரும்புகிறேன். வண்டி நின்றால் பேட்டரி இறங்கும், பேட்டரி இறங்கினால் கடிகாரம் நிற்கும். உன் தங்கை எனக்குக் கிறுக்கு என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். இந்த மழையில் காய்ச்சல் வந்து சில நாள் படுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

சானடோரியம் ஏரியாவில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க சர்க்யூட் போர்டு சால்டர் செய்துவிட்டு வந்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் புகையைக் கிளப்பினாய். டிபன் பாக்ஸ் மூடியை அறுத்துக் கடிகாரத்துக்குக் கூடு செய்தாய். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க இணைப்புகளின் மேல் நெயில் பாலிஷ் பூசினாய். கல்யாண வீட்டுக்குப் போகும்போதுகூட விரலில் பூசாதவள். எல்லாம் பெருங்களத்தூரில் வண்டி ஓட்டும்போது நான் கை வாட்சைப் பார்க்கப் போய் பஸ்ஸில் உரச இருந்த அன்று ஆரம்பித்தது. "மணி பாத்துக்கிட்டே ஒரு நாள் என்னையும் சேத்து அனுப்பப்போறீங்க" என்றாய்.

ஒயரைச் சாவியோடு சேர்க்காமல் ஏன் நேரே பேட்டரியில் கொடுத்தாய் என்று கேட்டேன். "சாவிய எடுத்தா டைம் அழிஞ்சிடும். தினம் ஓடற வண்டிதானே, சார்ஜ் ஏறிடும்." பெரிய இன்ஜினியர்! நீ இல்லாமல் போவது அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

வண்டியை மெக்கானிக் சலீம் பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "இந்தக் கடியாரந்தாண்ணா பேட்டரிய குடிச்சிகினு கீது. கட் பண்ணி வுட்ரட்டா?" என்றார். கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பாவம், உனக்கு ரத்தம் வேண்டும் என்றதும் முதலில் ஓடி வந்த மனுஷன். அப்புறம் தணிந்து சொன்னேன்: "அவ கையால வெச்ச டைம் பாய். அது அறுபடக் கூடாது."

கடிகாரத்துக்கு மின்சாரம் விட்டுப்போகாமல் இருக்க, அவர் பழைய பேட்டரியைக் கழற்றும் முன்பே புதியதை ஒயர் போட்டு இணைத்தார். "கிளிப்ப கெட்டியா புடிச்சிக்கோண்ணா, ஆடக் கூடாது." பிடித்தேன். காய்ச்சல் விட்ட கையில் பலம் இல்லை. கிளிப் நழுவியது. எண்கள் அணைந்து, வெறும் பூஜ்ஜியங்களாகத் திரும்பி வந்தன.

உன்னை இரண்டாம் முறை பறிகொடுத்தேன். இந்த முறை என் கையாலேயே. சலீம் பாய் செல்போனைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்தார். சரியான நேரம்தான். எனக்கு அது வேண்டாம்.

இனி ஓட்டியாக வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் வண்டலூர் பக்கமே கிளம்பினேன். இவ்வளவு பாடுபட்டுச் செய்தாயே, பின்சீட்டிலிருந்து உனக்கு என் முதுகுதான் தெரியும், கடிகாரம் தெரியாது. சிக்னலில் நின்றால் நான்தான் மணியை உரக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. இன்றும் ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் தலையைத் திருப்பி, "பதினொன்னு ஆகப்போகுது, போயிடலாம்" என்றேன்.

பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் எட்டிப் பார்த்து, "யாராண்ட சார் பேசறீங்க?" என்றார்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. எனக்கு வண்டியை எடுக்க மனம் வரவில்லை.