நூலகர் சொன்ன பாட்டு

பெஹாலா, கொல்கத்தா

அன்புள்ள கோமதிக்கு,

நீயும் அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். மாற்றலாகி வந்த இடத்தில் எனக்கும் குறையில்லை.

எத்தனையோ வருஷம் நான் கெஞ்சியும் வாசல் தாண்டாதவள் நீ. நம்மூர் நூலகர் குருபிரசாத் நடைக்கென்று நாலு பாட்டு சொன்னதும் தினமும் நடக்கிறாயாம். போனில் அவர் ரசனையை அப்படிப் புகழ்ந்தாய். சந்தோஷம்தான். அவர் பாடவும் செய்வாரா என்று நான் கேட்கவில்லை.

நானும் விடவில்லை. இங்குள்ள நூலகத்தில் போய், நடப்பதற்குப் பாட்டு கேட்டேன். நூலகர் கண்ணை மூடி யோசித்து, எல்லாம் மழைக்காலத்துப் பாட்டாகச் சொன்னார். அந்தத் தாளத்துக்குக் காலெடுத்து வைத்தால் தேர் நகர்வது போலத்தான். பூங்காவில் என்னைத் தாண்டிப் போன வயதான அம்மாள் ஒருவர், இங்கே மாஷிமா என்பார்கள், திரும்பி வந்து, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று வங்காளத்தில் விசாரித்தார்.

பயப்படாதே, முழங்கால் வலி மட்டும்தான். நீ தேய்த்துவிடும் தைலத்தையும் கொஞ்சம் நாரத்தங்காயையும் கூரியரில் அனுப்பு.

ஆபீஸ் பஸ் ஹாரன் அடிக்கிறது. நாளை நீ கிளம்பும் நேரத்துக்குக் கூப்பிடுகிறேன். நீ அங்கே நட, நான் இங்கே நடக்கிறேன். குருபிரசாத்தின் பாட்டுக்கு ஒரு காது போதும். இன்னொன்றை எனக்கு வை.

உன்
வெங்கடராமன்