உன் உள்ளங்கையில் அடங்கிய இரைச்சல்

இன்று அரிசி டின்னைத் திறந்தேன். உன் படிக மைக் அரிசிக்குள் புதைந்தபடியே இருக்கிறது. அதன் உயிர் ஓர் உப்புக் கட்டி. குரல் பட்டால் துளி மின்சாரம் தரும். நம் ஊர் ஈரக்காற்று பட்டால் கரைந்துபோகும். "ஊட்ல சோத்துக்கு இல்லேன்னாலும் இதுக்கு அரிசி வேணும் மச்சான்" என்பாய்.

அந்தத் துளியை ஊருக்கே கேட்கும்படி பெருக்க உன் வால்வுப் பெட்டி. உள்ளே ஆளை அடிக்கும் உயர் மின்னழுத்தம். குரலோடு ஓர் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும், வண்டை விழுங்கிய பாகவதர் மாதிரி. இரும்புக் கழியை மண்ணில் அடித்துப் பெட்டியோடு கம்பியால் இணைத்தால்தான் அது அடங்கும்.

பூந்தமல்லி மைதானத்தில் யுத்த நிதிக் கூட்டம். துரையின் பேச்சைத் தமிழில் சொல்ல நான், ஒலிக்கு நீ. கழியும் சம்மட்டியுமாக வந்த உன்னைப் பந்தல் கமிட்டிச் செயலாளர் மறித்தார்.

"இன்னாய்யா, தொர நடக்குற எடத்துல பள்ளம் தோண்டுறே?"

"பள்ளம் இல்ல சார், ஒரு கழி. இல்லாங்காட்டி பொட்டி கத்தும்."

"கத்துனா, இனிமே இந்த ஊர்ல நீ செட்டு வைக்க முடியாது."

நீ செருப்பைக் கழற்றினாய். காலை மழையில் தரை ஊறியிருந்தது. வெறுங்காலோடு நின்று பெட்டியின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தாய். இரைச்சல் அடங்கியது.

"கழி இன்னாத்துக்கு? நான் கீறேன். நீ பேசு மச்சான்."

பேசினேன். என் குரல் அதுவரை அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. எனக்கே மரியாதை வந்தது. நாகரிகத்தைக் காக்க ஒவ்வொருவரும் தம்மால் ஆனதைக் கொடுக்க வேண்டும் என்று துரை சொன்னதை நயமாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது இரைச்சல் திரும்பி வந்தது. செயலாளர் பெட்டியை முறைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். நீ தரையில் கிடந்தாய். உள்ளே எங்கோ கசிந்த மின்சாரம் தகரத்துக்கு வந்திருந்தது. அது மண்ணுக்கு இறங்க உன் உடம்பைத் தவிர வேறு வழி இல்லை.

உன் அனுதாபக் கூட்டத்தில் செயலாளர் உருக்கமாகப் பேசினார். அன்று ஒலி மிகத் தெளிவாக இருந்ததாம்.

சேக்காட்டுக் கல்யாணமோ, ஆவடி மாதா கோயில் திருவிழாவோ, ஒலிபெருக்கி சுத்தமாகப் பேசினால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. அந்தச் சுத்தத்துக்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்று எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

என்னைப் பேச அழைத்தால் குறிப்புத்தாள் எடுத்துப்போவதில்லை. உன் கழியை எடுத்துப்போகிறேன். அடிக்க விடாத இடத்தில் மைக் இல்லாமலே பேசுகிறேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று கத்துகிறார்கள். கத்தட்டும்.