இரவல் பசு

ரிஷிவந்தியம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் பெரியநாயகிக்கு அம்மா ராஜாம்பாள் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். திருப்பூரில் உன் உடம்பும் பனியன் கம்பெனி வேலையும் எப்படி இருக்கிறது என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை ஆயம்மாளுக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு இடம் வந்தது. பையன் பேர் பழனி, மில்லுக்குக் கரும்பு வெட்டுகிறவன். நானும் உன் அப்பாவும் வீடு பார்க்கப் போனோம். வாசலில் ஒரு கறவைப் பசு கட்டியிருந்தது. தங்களுடையது என்றார்கள். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அது கத்திக்கொண்டே இருந்தது. "புது ஆளுங்கள பாத்து மெரளுதுங்க" என்றாள் பையனின் அம்மா சாலம்மாள். கை கழுவ வெளியே வந்து பார்த்தால், கயிற்றை அறுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய், அங்கே கட்டியிருந்த கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. பசுவை இரவல் வாங்கினவர்கள் கன்றையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் உன் அப்பா குதியாய்க் குதித்தார். இல்லாததை இருக்கிறதாகக் காட்டுகிற வீட்டில் பெண் கொடுக்க மாட்டேன் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, பெரிய பெண் மாப்பிள்ளையோடு சிங்கப்பூரில் இருக்கிறாள் என்று சொன்னவர் இவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினவள் நான். அவர்கள் காட்டியது பொய் மாடு, நாம் மறைத்தது பெற்ற பெண்ணை என்றேன்.

ஆயம்மாளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. நாளைக்கு உண்மை தெரிந்தால் பேச்சு வாங்கப்போகிறவளும் அவள்தான். அதனால் மறுநாள் நானே தனியாகப் போனேன். நீ குடிகாரனிடம் அடிபட்டது, அவனை விட்டு வந்தது, உன் கையால் சம்பாதித்துச் சாப்பிடுவது எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தம் போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். சாலம்மாள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு, "அடி வாங்கிக்கினு எதுக்குங்க இருக்கணும்? மாடும் எங்களுது இல்லீங்க. எங்களுக்கு இருக்கறது ரெண்டு ஆடுதாங்க" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம் என்று பேசிவிட்டோம்.

கிளம்பும்போது, "அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு வருங்களா?" என்று கேட்டாள். வருவாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பொங்கலுக்கு நீ வந்தபோது, ஊர் கண்ணில் படாமல் விடியற்கால பஸ்ஸில் வா என்று எழுதினவள் நான். இந்த முறை மத்தியான பஸ்ஸில் வா. கோயிலண்டை உன் அப்பா வந்து நிற்பார், அவரே சொன்னார். பையை அவரிடம் கொடுத்துவிட்டு, கடைத்தெரு வழியாகவே நடந்து வா.

நீ நல்லா இருக்கணும்.

உன் அம்மா,
ராஜாம்பாள்.