கீழ்வீட்டுச் சங்கு

பிப். 2, திங்கள்

காலையில் பனி. எதிர் வீட்டு மொட்டைமாடியே தெரியவில்லை. தண்ணீர் கேனுக்குச் சொல்ல வேண்டும். கிடர்பூரில் லாரி நெரிசல், ஆபீஸுக்கு முக்கால் மணி தாமதம். மேலதிகாரி முறைத்தார். முறைக்கட்டும்.

மாலை காய்கறிப் பையோடு படியேறும்போது கீழ்வீட்டில் சங்கு.

கீழ்வீடு பூட்டியிருக்கிறது. மிதாலி பௌதி செத்துப் பதினாறு நாள். பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. அவள் வீட்டுக்காரர், நாங்கள் அண்ணன் முறையில் தாதா என்று கூப்பிடுபவர், காரியம் முடித்துப் பெண் வீட்டுக்கு துர்காபூர் போய்விட்டார்.

தினம் மாலை விளக்கேற்றியதும், வங்காளி வழக்கப்படி, பௌதி மூன்று முறை ஊதுவாள். நமக்குச் சங்கு என்றால் சாவுதான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் தினம் மாலை திடுக்கிடுவேன். கடைசி ஒரு மாதம் அவளால் முடியவில்லை. முதல் ஊதல் முழுசு. இரண்டாவது பாதி. மூன்றாவது வெறும் காற்று. "வயசாயிடுச்சு பௌதி" என்று கிண்டல் வேறு செய்தேன்.

இன்றும் அதே மூன்று. கடைசியில் காற்று.

இவரிடம் கேட்டேன். "சங்கா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. டிவி ஓடிட்டிருந்தது."

பிப். 3, செவ்வாய்

பனி இல்லை. தாடை வலி, இடது பக்கம். மெல்லும்போது அல்ல, நடக்கும்போது. பல்வலி நடந்தால் வருமா? பல் டாக்டருக்கு நம்பர் தேட வேண்டும்.

பாத்திரம் தேய்க்கும்போது நினைவு வந்தது, கை நின்றுவிட்டது. பௌதியும் பல் டாக்டரிடம் போனாள். டிசம்பரில். பல்லில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பிப். 4, புதன்

முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், யாரோ கையை வைத்து அழுத்துகிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

பௌதி படிக்கட்டில் நின்று எனக்குச் சொன்ன வரிசை: தாடை. பிறகு முதுகு. பிறகு தலைவாரக்கூட அலுப்பு. பிறகு வயிற்றுப் புரட்டல். ஒவ்வொன்றுக்கும் ஒரே முடிவு: "ஓ கிச்சு நா, கேஸ்." ஒன்றுமில்லையாம், வாயுவாம். நெஞ்சு வலி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. தாதாவும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

நான் இரண்டாவதில் இருக்கிறேன்.

இவர் பெருங்காயம் போட்டு மோர் கலந்து கொடுத்தார். அலமாரியில் கேஸ் மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது, நாலு பாக்கி. பௌதி கொடுத்தது. செத்தவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். சர்க்கரை மாத்திரை மறந்துவிட்டது. நேற்றும்.

பிப். 5, வியாழன்

சீப்பைத் தூக்கக் கை வரவில்லை. வாராமலே ஆபீஸ் போனேன்.

மாலை மறுபடி சங்கு. இன்று விடுவதாயில்லை. பௌதி வீட்டு வாசலிலேயே நின்று கதவில் காதை வைத்தேன். ஒன்று. இரண்டு, பாதி. மூன்று, காற்று. கதவுக்கு உள்ளே இல்லை. பக்கத்தில். மூச்சைப் பிடித்தேன்.

சத்தம் நின்றது.

விட்டேன். மறுபடி வந்தது.

பூட்டைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. அது என் மூச்சு. திங்களிலிருந்தே என் மூச்சு.

இவரிடம் சொன்னேன். "நாளைக்கு லீவு போடு, டாக்டரைப் பார்க்கலாம்." நாளைக்கு.

பிப். 6, வெள்ளி

லீவு. வெயில் நன்றாக இருக்கிறது.

10.50. குமட்டல். வேர்வை, ரவிக்கை நனைந்துவிட்டது. மின்விசிறி போடாத பிப்ரவரியில். தாடையிலிருந்து இடது கை வரை கனம். இவர் காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, ராகு காலம் பன்னிரண்டு வரை. இங்கே சூரியன் சீக்கிரம் உதிக்கிறது என்று மாமனார் காலத்திலிருந்து அரை மணி கழிப்பது இந்த வீட்டு வழக்கம். ஆக, பதினொன்றரை. "நல்ல காரியமா போறோம், ஆஸ்பத்திரிக்கு. நாப்பது நிமிஷம்தானே லலிதா." சரி என்றேன். அதையும் எழுதி வைக்கிறேன், சரி என்று சொன்னது நான்தான்.

11.05. சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறார். இருவரும் கடிகாரத்தைப் பார்க்கிறோம். எழுத்து கோணலாக வருகிறது.

11.14. தாதா சொன்னது: "ஸந்த்யா கொடுத்துட்டு வரேன்னு சொன்னா." விளக்கேற்றிவிட்டு வருகிறேன் என்றாளாம். டாக்ஸி வாசலில் நின்றது, அவள் வரவே இல்லை.

11.22. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. அவரிடமும் அப்படியே சொன்னேன். "இன்னும் எட்டு நிமிஷம்" என்றார். "ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணுங்க. இல்லேன்னா நானே படியிறங்கிப் போயிடுவேன்." பண்ணுகிறார். குரல் உடைகிறது அவருக்கு

பிப். 9, திங்கள்

ஆஸ்பத்திரி. வார்டு ஜன்னலில் புறா. நர்ஸிடம் பேனா வாங்கினேன்.

ஆம்புலன்ஸில் ஒரு மாத்திரையை மெல்லச் சொன்னது நினைவிருக்கிறது. பிறகு விளக்குகள். அடைப்பு ஒன்று, ஸ்டென்ட் ஒன்று. பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும், சர்க்கரை இருந்தால் இன்னும் மறைந்து வரும் என்றார் டாக்டர். நிறுத்த வேண்டியவை: அப்பளம், ஊறுகாய், மாலைச் சிங்காடா, அதான் இந்த ஊர்ச் சமோசா. செய்ய வேண்டியவை: நடை, பிரஷர் பார்ப்பது, சர்க்கரை மாத்திரை மறக்காமல். டாக்டர் சின்னப் பெண். அதட்டினாள். பிடித்திருந்தது.

இவர் காபி வாங்கப் போனபோது கேட்டேன், முழுசாகச் சரியாகிவிடுமா என்று. திரையில் என் இதயத்தைக் காட்டினாள். ஒரு ஓரம் மட்டும் அசையவில்லை. அந்தத் தசை செத்துவிட்டது, திரும்பாது. அரை மணி முன்னால் வந்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கலாம்.

நான் பிழைத்துவிட்டேன். உள்ளே ஒரு இடம் செத்துக் கிடக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கிறது. படுத்தால் அதைத்தான் கேட்கிறேன்.

இவர் வந்தார். மூன்று நாளில் பத்து வயசு கூடிப்போயிருக்கிறது. "டாக்டர் என்ன சொன்னா?"

"சரியான நேரத்துக்கு வந்தோமாம்."

முகம் தெளிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தப்போ மணி பதினொண்ணு முப்பத்தஞ்சு. கவனிச்சியோ? ராகு காலம் முடிஞ்சுதான் கிளம்பினோம். அதுதான் உன்னைக் காப்பாத்தித்து."

தலையாட்டினேன்.