சனிக்கிழமை ஜீப்பில் நம் இடம்

ரஞ்சனி அப்பாவுக்கு,

மலை இறங்கும் சனிக்கிழமை ஜீப்பில் வீட்டுக்கு ஒரு இடம்தான். இன்று நம் இடத்தில் நான் போகிறேன். "ஏட்டி, வளைவுல வாந்தி எடுப்ப. பேசாம கெட" என்று இரண்டு வருஷமாக என்னை நிறுத்தினீர்கள். வாரந்தோறும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நம் மகள் எனக்காகக் காத்திருப்பதையும், "ஒங்கம்மாவுக்கு ஒம்மேல கோவம், வரமாட்டேங்கா" என்று நீங்கள் அவளிடம் சொல்வதையும் டிரைவர் சங்கையா நேற்றுச் சொல்லிவிட்டார். இனி எல்லாச் சனிக்கிழமைக்கும் என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

கஞ்சி அடுப்பில் இருக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள்.

பி.கு.: சாப்பிட்ட பிறகு சுகர் மாத்திரையைப் போடுங்கள்.

இன்னொன்று. ரஞ்சனிக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் கொண்டுபோவேன். கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம்.