ஜெர்மானியர் கூடத்தில் ஒரு ஆவூர்க்காரர்

டொலீடோ, ஒஹையோ
9 அக்டோபர் 1938

பிரியமுள்ள ஞானமணிக்கு,

ஆண்டவர் அருளால் நலம். நீயும் மகள் ஜெபமாலையும் சுகந்தானே? நான் பெருக்கித் துடைக்கும் கூடம் யாருடையது என்று கேட்டிருந்தாய். தொண்ணூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் ராஜாக்களை எதிர்த்துத் தோற்ற வாலிபர்கள் பலர் கப்பலேறி இந்தத் தேசத்துக்கு வந்தார்கள். அங்கே பழகிய உடற்பயிற்சியை விடாமல் ஊருக்கு ஊர் சங்கம் வைத்தார்கள். கம்பியில் தொங்குவது, வளையத்தில் சுழல்வது, அது முடிந்தால் பாட்டு, பீர், விவாதம். அடிமைகளை விடுவித்த சண்டையில் சங்கத்தோடு சங்கமாகப் பட்டாளத்தில் சேர்ந்தார்களாம். இங்கே பள்ளிக்கூடங்களில் டிரில் வந்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. போன யுத்தத்தில் ஊரார் இவர்களை எதிரி என்று வெறுத்து, கூடத்துக் கதவில் மஞ்சள் பெயின்ட் ஊற்றினார்கள். அன்று பலகையிலிருந்து இறங்கிய ஜெர்மன் எழுத்து இன்னும் ஏறவில்லை.

செயலாளர் வோகல் கிழவர் என்னைச் சங்கத்தில் சேர்க்கும்படி கூட்டத்தில் கேட்டார். இந்த நாட்டுக் குடிமகனோ, அதற்கு மனுப் போட்டவனோதான் சேரலாம் என்பது இவர்களுடைய பழைய விதி. இந்தியன் குடிமகனாக முடியாது என்பது சர்க்கார் சட்டம். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நான் நாற்காலிகளை அடுக்கிவைத்தேன்.

ஊருக்கு வரச் சொல்கிறாய். கப்பல் வேலைக்கு வந்து, சர்க்கார் அனுமதி இல்லாமல் தப்பி இறங்கியவன் நான், ஒருமுறை வெளியே போனால் மறுபடி நுழைய முடியாது. துடைப்பக்காரனாகவே வந்து நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இங்கே என்னையும் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளட்டும், அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன்.

அன்புக் கணவன்,
தைரியநாதன்


ஆவூர்
2 பிப்ரவரி 1939

அன்புள்ள மச்சானுக்கு,

சேசு மரி சூசை துணை. கடிதம் கிடைத்தது. ராஜா வேண்டாம் என்று ஓடிப்போனவர்களும் விதி ஒன்றை எழுதி உங்களைத் தள்ளி வைத்துவிட்டார்களே. எங்கள் பள்ளிக்கூடத்திலும் பெண்பிள்ளைகளுக்கு டிரில் வைக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் உத்தரவு. கையைத் தூக்கு, இறக்கு என்று வெயிலில் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

உங்களுக்கு என்ன வெட்கம்? இலங்கைத் தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள். கோயிலில் அவர்கள் பக்கத்தில் யாரும் உட்கார மறுக்கவில்லை. கூரை மாற்ற ஆள் தேடுவதும், ஜெபத்துக்குக் காய்ச்சல் என்றால் வண்டி பிடித்துப் புதுக்கோட்டைக்கு ஓடுவதும் நான் ஒருத்திதான். அலுப்பாக இருக்கிறது மச்சான். சட்டம் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லித்தான் என் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். வந்துவிடுங்கள்.

ஞானமணி


ஆவூர்
20 மே 1944

அன்புள்ள மச்சானுக்கு,

பாஸ்கா முடிந்து ஜெபத்தின் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை இலுப்பூரில் வாத்தியார். தகப்பன் இடத்தில் என் தம்பி நின்றான். முன்னாலேயே உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது ஜெபம் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதீங்கம்மா. வர முடியலன்னு பதில் எழுதுறது அவுங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள். நீங்கள் புறப்பட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை அது. உங்கள் முகம்கூடத் தெரியாதவள் உங்களுக்காக இரக்கப்படுகிறாள்.

ஞானமணி


டொலீடோ
1 செப்டம்பர் 1946

பிரியமுள்ள ஞானமணிக்கு,

நல்ல செய்தி. இந்தியரும் குடிமக்களாகலாம் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருக்கிற பழைய ஆள் என்பதால், நான் கப்பலிலிருந்து தப்பி இறங்கிய விஷயத்தையும் சரிசெய்யலாம் என்கிறார் வக்கீல். சேதி தெரிந்த அன்றே சங்கத்தில் சொன்னேன். மனுப் போட்டால் போதும், அந்த மாதமே உறுப்பினர் என்று கைகுலுக்கினார்கள்.

அதைப் பார்க்க வோகல் இல்லை, போன வருஷம் இறந்துவிட்டார். கூடத்துப் பையன்களில் ஜெர்மனியோடு சண்டைபோடப் போன மூன்று பேர் திரும்பவில்லை. மற்றவர்களுக்குக் கம்பியில் ஆசை இல்லை. பல நாள் பயிற்சிக்கு நான் விரித்த மெத்தையை, யாரும் வராமல் நானே சுருட்டி வைக்கிறேன். முழங்காலும் வலிக்கிறது.

மனு முடிகிறவரை சில வருஷம் இங்கேயே இருந்தாக வேண்டும். பிறகு வருகிறேன், அல்லது உன்னை இங்கே அழைத்துக்கொள்கிறேன். மனைவி இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள், வருவாளா என்றெல்லாம் கேட்பார்களாம். என்ன எழுதட்டும்?

தைரியநாதன்


ஆவூர்
8 டிசம்பர் 1946

அன்புள்ள மச்சானுக்கு,

சந்தோஷம். உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மெய்யாகவே சொல்கிறேன்.

மனைவி இருக்கிறாள் என்று எழுதுங்கள். ஆவூரில் இருக்கிறாள் என்று எழுதுங்கள். வருவாளா என்று கேட்டால் வரமாட்டாள் என்று எழுதிவிடுங்கள்.

இத்தனை வருஷமும் உங்கள்மேல் கோபப்படவில்லை, சட்டத்தின்மேல்தான் கோபப்பட்டேன். அந்தச் சட்டம் போன அன்றைக்கு நீங்கள் சங்கத்துக்குப் போயிருக்கிறீர்கள், கப்பல் விசாரிக்கப் போகவில்லை. எந்த மனுவும் கேட்காத இடம் உங்களுக்கு இங்கே இருந்தது மச்சான். அதைக் காத்து வைத்திருந்து நான் களைத்துப்போனேன்.

முழங்காலுக்கு வேப்பெண்ணெய் சூடு பண்ணித் தேயுங்கள். குளிரில் மெத்தை தூக்காதீர்கள். கூடத்தைப் பற்றி எழுதுங்கள், பையன்களைப் பற்றி எழுதுங்கள், நான் பதில் போடுவேன். ஊருக்கு வருகிறேன் என்று மட்டும் இனி எழுத வேண்டாம்.

ஞானமணி